ஏறுகுழாய்

பாக்கு நீரிணையின் அடியில் எண்ணெய் உண்டு என்ற பேச்சு யாழ்ப்பாணத்தில் வலுவடைந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1974ஆம் ஆண்டில், மன்னார்த் தீவின் பேசாலையில், சோவியத் நாட்டு நிபுணர்களின் துணையோடு இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் துளையிடத் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் உலகமெங்கும் எண்ணெய் விலை பன்மடங்காக ஏறி, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மண்ணெண்ணெய் யந்திரத்தால் நீரிறைத்துக்கொண்டிருந்த வலிகாமத்துத் தோட்டக்காரர் ஒவ்வொரு போத்தலையும் எண்ணி எண்ணி வாங்கும் நிலைக்கு வந்திருந்தனர். ஆதலால், பேசாலையிலிருந்து வந்த ஒவ்வொரு செய்தியும் சங்கக்கடை வாசல்களிலும் கோயில் வீதிகளிலும் ஒன்றுக்குப் பத்தாகப் பெருகியது. 1976இல் மரதன் என்ற அமெரிக்கக் கொம்பனி நீரிணைப் பகுதியிலேயே துளையிட்டு, ஒரு கிணற்றுக்கு நெடுந்தீவின் ஒல்லாந்தப் பெயரைச் சூட்டியது. 1981இல் வேறொரு கொம்பனி பீட்ரோ என்ற பெயரோடு இன்னொரு கிணற்றைத் துளைத்தது. எதிலும் வியாபாரத்துக்கு ஏற்ற அளவில் எண்ணெய் அகப்படவில்லை. எனினும், இருக்கிறதா இல்லையா என்ற வாதத்தில் ஊரார் காட்டிய உற்சாகத்தில் ஒரு சிறு பங்கேனும், இருந்தால் அது எவ்விதம் மேலே வரும் என்ற கேள்வியில் செலவாகவில்லை. அந்தக் கேள்வியோ பிற்காலத்தில் எனக்குச் சீவனோபாயமாகவும், அதற்கு மேலாக, நான் வாழ்நாள் முழுவதும் சிந்திக்கும் ஒரு விஷயமாகவும் அமைந்துவிட்டது.

நான் காரைநகரிலே பிறந்தவன். என் தாயாரின் தமையனார் தோணியில் தண்டையலாக இருந்தவர். ஊர்காவற்றுறையிலிருந்து நாகபட்டினத்துக்கும் அதற்கப்பாலும் பாய் விரித்துச் சென்று திரும்பிய தலைமுறையின் கடைசி மனிதருள் ஒருவர். சோளகக் காற்று வீசும் மாதங்களில், கரையோரத்தில் நின்ற வள்ளமொன்றை நங்கூரமிடும்படி எனக்குப் பணித்துவிட்டு, நான் கயிற்றை விறைப்பாகக் கட்டுவதைக் கண்டு அவர் தடுத்தார்.

“தம்பி, கயிறை இறுக்கிக் கட்டினா ஒண்டில் நங்கூரம் கிளம்பும், இல்லாட்டிக் கயிறு அறும். கடல் இழுக்கேக்கை குடுக்கிறதுக்கு உன்னட்டை ஏதும் மிச்சம் இருக்கவேணும்” என்றார்.

கடலின் ஆழத்தைப்போல நாலைந்து மடங்கு கயிற்றை விட்டுத் தளர்வாகக் கட்டுவதே அவர் முறை. பல்லாண்டுகளின் பின், அந்நிய தேசத்தில், எஃகாலும் பிளாஸ்திக்காலும் செய்யப்பட்ட பெருங்குழாய்கள் கடலடியிலிருந்து மிதக்கும் கப்பலுக்கு ஏறும் விதத்தை எனக்கு ஒரு பொறியியலாளர் வரைபடத்தில் விளக்கியபோது, அந்தப் படத்தை நான் விளங்கிக்கொண்டது அம்மானுடைய கயிற்றைக்கொண்டே.

காரைநகரில் அக்காலத்தில் சீநோர் நிறுவனம் படகு கட்டும் தொழிற்சாலை ஒன்றை நடத்திவந்தது. 1956இல் நோர்வே சென்ற யாழ்ப்பாணத்தவரான அந்தனி இராசேந்திரமும் ஆர்ண பியோர்தொஃப்த் என்னும் நோர்வேஜியரும் சேர்ந்து 1967இல் தொடக்கிய முயற்சி அது. அங்கேதான் நான் கண்ணாடியிழைப் பாய்களை அச்சிலே விரித்து, பிசின் பூசி, உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, அடுக்கின்மேல் அடுக்காகப் படகின் உடலை வளர்க்கும் தொழிலைக் கற்றேன். அந்த அனுபவமும், அங்கு வந்துபோன நோர்வேஜியர் வாயிலாக அந்நாட்டின் மீது ஏற்பட்ட ஈடுபாடும், எழுபதுகளின் பிற்பகுதியில் என்னையும் என்போன்ற பலரையும் நாட்டார் உயர்பாடசாலை ஒன்றின் அனுமதிக் கடிதத்தோடு அத்தேசத்துக்குக் கொண்டு சேர்த்தன. அடுத்து வந்த ஆண்டுகளை, வடமுனையில் மீன் பதனிடும் சாலைகளிலே, நம்மவர் அனைவரும் கழித்த விதமாகவே கழித்தேன். அவற்றைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பின்னர் எண்ணெய்த் தொழிலின் பணிமனை ஒன்றில், அடுக்கடுக்காகப் பொருள்களைக் கட்டத் தெரிந்தவன் என்ற தகுதியின்பேரில், எனக்கு வேலை கிடைத்தது.

அங்கே முதன்முதலாக நெகிழ்குழாயின் வெட்டுமுகத்தைப் பார்த்தேன். மேசைமேல் வைக்கப்பட்டிருந்த அந்தத் துண்டு ஒரு முழ நீளமே இருந்தபோதிலும், அதை ஒருவர் தனியாகத் தூக்க இயலாது. உள்ளே, ஒன்றோடொன்று கொளுவி வளையத்தக்கதாகச் சுற்றப்பட்ட துருவேறா எஃகுப் பட்டி; வெளியிலிருந்து கடல் நசுக்கினாலும் குழாய் தட்டையாகாமல் காப்பது அது. அதன்மேல் எண்ணெய் கசியாதபடி வார்க்கப்பட்ட பிளாஸ்திக் உறை. அதற்கு மேலே, உள்ளழுத்தத்தால் குழாய் வெடிக்காதபடி நெருக்கமாகச் சுற்றப்பட்ட எஃகு வளையங்கள். அதற்கும் மேலே, ஒன்று வலப்புறமாகவும் மற்றது இடப்புறமாகவும் சாய்த்துச் சுற்றப்பட்ட இரண்டு கம்பிப் படலங்கள். நூற்றுக்கணக்கான மீற்றர் தொங்கும் குழாயின் பாரத்தையெல்லாம் தாங்குவன இவையே. எல்லாவற்றையும் போர்த்து, உப்புநீர் உட்புகாதவாறு ஒரு வெளியுறை. ஒவ்வொரு படலமும் தன் அண்டைப் படலத்தின்மேல் நழுவ அனுமதிக்கப்பட்டிருந்தது. ஒட்டிவிட்டால் குழாய் வளையாது. எழுபதுகளில் பிரான்ஸ் தேசத்தில் விருத்தியான இந்த வித்தை, அத்தசாப்தம் முடியுமுன்னரே பிரேசில் நாட்டின் கடலில் மிதக்கும் உற்பத்திக்குப் பயன்பட்டது. காரைநகரில் நான் வளர்த்த அடுக்குகள் ஒன்றாய் இறுகி உறைவதற்காகச் செய்யப்பட்டவை. இங்கோ அடுக்குகள் ஒன்றாகாமல் இருப்பதிலேதான் அதன் உயிர் இருந்தது. அந்த முதல் நாளின் வியப்பு இன்றுவரை எனக்குத் தணியவில்லை.

பணிமனையில் சில ஆண்டுகள் கழிந்தபின், எண்பதுகளின் இறுதியில், மிதக்கும் உற்பத்திக் கப்பலொன்றுக்கு அனுப்பப்பட்டேன். கடலடியில் ஊன்றி நிற்கும் மேடைகளையே எண்ணெய்த் தொழில் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அக்கப்பல் ஒரு புதுமை. சில நூறு மீற்றர் ஆழத்துக்கு மேல் கால் ஊன்றி மேடை எழுப்புவது பொருட்செலவாலும் பிறகு இயலாமையாலும் தடைப்படுகிறது. ஆகவே, கிணற்றின் வாயைக் கடலடியிலேயே வால்வுகளின் தொகுதியால் அடைத்து, அங்கிருந்து குழாய்வழியாக எண்ணெயை மேலே கொணர்ந்து, மிதக்கும் கலத்தில் வாயுவையும் நீரையும் பிரித்து, எஞ்சியதைத் தொட்டிகளில் சேமித்து, வந்து போகும் வேறு கப்பல்களுக்கு இறக்கிவிடுகிறார்கள். கப்பலின் வயிற்றை ஊடறுத்து ஒரு பெரிய வட்டக் கோபுரம் நிற்கும். நங்கூரச் சங்கிலிகள் அக்கோபுரத்திலேயே பிணைக்கப்பட்டிருக்கும். கோபுரம் சுழலாது நிற்க, கப்பல் காற்றுக்கும் அலைக்கும் முகம் கொடுத்தபடி அதனைச் சுற்றிச் சுழலும். அந்தக் கோபுரத்தின் அடிவழியாகத்தான் ஏறுகுழாய்கள், தொழிலாளர் வாயில் ரைசர்கள், உள்ளே வருகின்றன.

பூமி அசைவதில்லை, கப்பலோ ஒரு கணமும் ஓய்வதில்லை. குளிர்காலத்துப் புயலில் எங்கள் கலம் பல மீற்றர் உயர்ந்து பல மீற்றர் தாழும். நங்கூரங்கள் பிடித்திருந்தாலும் பக்கவாட்டில் விலகி மீளும். கிணற்றிலிருந்து நேர்கோடாக ஒரு குழாயை இழுத்துக் கப்பலிற் பூட்டினால் முதற்புயலிலேயே அது அறுந்துபோகும். ஆகையால், கடலின் ஆழத்தைவிட நெடிய குழாயை இறக்கி, நடுக்கடலில் அதன் ஒரு பகுதிக்கு மிதவைக் கவசங்களை அணிவித்து, அந்த இடத்தில் குழாய் மேல்நோக்கி வளைந்து ஒரு முதுகைப்போல் எழும்படி செய்கிறார்கள். கப்பலின் ஆட்டம் முழுவதையும் அந்த வளைவு தனக்குள் வாங்கிக்கொள்கிறது. அதற்கு அப்பால், குழாய் கடலடியைத் தொடும் இடத்தில் அமைதி நிலவுகிறது. ஆழம் ஆயிரம் மீற்றரைத் தாண்டும் இடங்களில் நெகிழ்குழாயின் சொந்தப் பாரமே அதற்குப் பகையாகி விடுவதால், எஃகுக் குழாயையே பெருவளைவாகத் தொங்கவிடும் முறையும், கடலடியில் ஊன்றி மிதவையால் நிமிர்த்திய குழாய்த் தூண்களும் பின்னர் வழக்குக்கு வந்தன. அங்கோலா நாட்டின் கிரசோல் என்னும் எண்ணெய் வயலில், ஏறத்தாழ 1400 மீற்றர் ஆழத்தில், 2001ஆம் ஆண்டு முதல் அத்தகைய தூண்கள் எண்ணெய் ஏற்றின என்று அறிந்தபோது, மனிதனின் சாமர்த்தியத்தை எண்ணி நான் பெருமிதம் கொண்டேன் என்பதை ஒளிக்கமாட்டேன்.

குழாய்க்குள் நிகழ்வதும் இலேசானதன்று. பூமியின் கர்ப்பத்திலிருந்து கொதிப்போடு புறப்படும் எண்ணெயில் வாயுவும் நீரும் மணலும் மெழுகும் கலந்திருக்கும். ஆழக் கடலடியில் நீரின் வெப்பம் நாலைந்து பாகைக்கு மேல் இருப்பது அரிது. ஓட்டம் நின்று குழாய் குளிர்ந்துவிட்டால் மெழுகு சுவரில் படியும். நீரும் வாயுவும் கூடி, பனிக்கட்டியை ஒத்த ஒரு திடப்பொருளாக உறைந்து குழாயை முற்றாக அடைத்துவிடும். அதைத் தடுக்க ரசாயனங்களைச் செலுத்தும் நுண்குழாய்களும், கடலடி வால்வுகளைத் திறந்து மூடும் எண்ணெயழுத்தக் குழாய்களும், மின்கம்பிகளும் ஒரே வடமாகக் கட்டப்பட்டு ஏறுகுழாயின் பக்கத்திலேயே இறங்கும். கிணற்றின் இயற்கை அழுத்தம் குன்றிய பிற்பாடு, பிரித்தெடுத்த வாயுவையே திரும்ப அடியிலே செலுத்தி, எண்ணெய்த் தம்பத்தின் கனத்தைக் குறைத்து மேலேற்றுவதும் உண்டு. இவற்றையெல்லாம் இரவும் பகலும் கண்காணிப்பதே எங்கள் உத்தியோகம்.

அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணம் போரினால் இருளில் மூழ்கியிருந்தது. 1990க்குப் பின் குடாநாட்டுக்கு மின்சாரமும் இல்லை. பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருள். மண்ணெண்ணெயோ பொன்னின் மதிப்புப் பெற்றுவிட்டது. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரியைப் போத்தலுக்குள்ளேயே எரியவைத்து, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். மாதக்கணக்கில் அலைந்து வந்து சேர்ந்த ஒரு கடிதத்தில் என் தாயார், “நீ எண்ணெய்க் கப்பலிலை நிக்கிறாய் எண்டு சொல்லிச் சந்தோசப்படுறன். இஞ்சை விளக்கைச் சுறுக்கா நூக்கிறதாலை எழுத்துச் சரியாய் வரேல்லை, குறை நினையாதை” என்று எழுதியிருந்தார். வரிகள் கோணலாகச் சரிந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. அதை நான் வாசித்த அறைக்குக் கீழே, கப்பலின் தொட்டிகளில், இலட்சத்துக்கு மேற்பட்ட பீப்பாய் எண்ணெய் கிடந்தது. உலகத்தில் ஒரு பொருள் எங்கே மிகுந்திருக்கிறது, எங்கே அற்றுப்போயிருக்கிறது என்பதை நிர்ணயிப்பது பூமியின் அமைப்பு மாத்திரமன்று என்பதை அன்றைக்கு நான் அறிந்தவிதமாக எந்தப் புத்தகத்தாலும் அறிந்திருக்க முடியாது. அதற்குப் பின் எனக்கு எண்ணெயைப் பற்றிய எந்தப் பேச்சும் வெறும் யந்திரப் பேச்சாகத் தோன்றியதில்லை.

கப்பலிலே கழிந்த ஒரு மாரிகாலத்தை நான் தனியாகச் சொல்லவேண்டும். நெகிழ்குழாயின் உள்ளுறைக்கும் வெளியுறைக்கும் இடையிலுள்ள கம்பிகளின் வெளியில், உள்ளேயிருந்து ஊறும் வாயு சிறிது சிறிதாகச் சேரும். அதை வெளியேற்ற ஒரு துவாரம் வைத்திருப்பார்கள். காலத்துக்குக் காலம் அந்த வெளிக்குள் நைதரசனைச் செலுத்தி, எவ்வளவு கொள்கிறது என்று அளந்து பார்ப்போம். கொள்ளளவு குறைந்தால், உள்ளே கடல்நீர் புகுந்திருக்கிறது, எங்கோ வெளியுறை கிழிந்திருக்கிறது, பாரம் தாங்கும் கம்பிகள் அரிக்கப்படத் தொடங்கிவிட்டன என்று பொருள். ஒரு நாள் அளவு குறைந்தது. நீருக்கடியில் செல்லும் யந்திரக் கலத்தை இறக்கி, அதன் படக்கருவியால் குழாயை மேலிருந்து கீழாகத் தடவிச் சென்றோம். திரையில் மங்கிய பச்சை நீரும், குழாயை ஒட்டிக் கூட்டமாக நின்ற மீன்களும் தெரிந்தன, கிழிசல் தெரியவில்லை. கரையிலிருந்த அலுவலகம், இன்னும் சில வாரங்கள் ஓட்டலாமே, கோடையில் கருவிகளோடு வந்து பார்த்துக்கொள்ளலாமே என்று மென்மையாகவும் பின்பு சற்று வற்புறுத்தியும் கேட்டது. எங்களோடு பணிபுரிந்த, தொழிலாளரால் தெரிந்தெடுக்கப்பட்ட பாதுகாப்புப் பிரதிநிதியான முதிய நோர்வேஜியர் ஒருவர், அதிகம் பேசாதவர், அந்தக் குழாயின் ஓட்டத்தை நிறுத்தவேண்டும் என்று ஒரு வாக்கியத்தில் எழுதிக் கையொப்பமிட்டார். ஓட்டம் நின்றது.

அவருக்கு அந்த அதிகாரத்தை அளித்தது 1977ஆம் ஆண்டின் நோர்வே வேலைச்சூழல் சட்டம். உயிருக்கு உடனடி ஆபத்து உண்டென்று கருதினால் வேலையை நிறுத்தும் உரிமை தொழிலாளரின் பிரதிநிதிக்கு அதிலே இருந்தது. எசமானின் சம்மதத்துக்காக அவர் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த உரிமையை அந்தத் தேசம் எவ்வளவு அருமையாகப் போற்றுகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நான் அங்கு போய்ச் சேர்ந்து அதிக காலம் ஆகுமுன், 1980 மார்ச் 27ஆம் திகதி மாலையில், எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலில் தொழிலாளர் தங்குமிடமாக மிதந்துகொண்டிருந்த அலெக்சாந்தர் கீலாந்து என்னும் மேடை கால் முறிந்து கவிழ்ந்தது. 212 பேரில் 123 பேர் மாண்டனர். விசாரணையில், ஒரு கருவியைத் தாங்குவதற்காக இடப்பட்ட 6 மில்லிமீற்றர் ஒட்டிலிருந்து தொடங்கிய வெடிப்பே படிப்படியாக வளர்ந்து அந்த அழிவைச் செய்ததென்று கண்டார்கள். கடலிலே, அசைந்துகொண்டேயிருக்கும் பொருளிலே, சிறிய குறை என்று ஒன்றில்லை. கோடையில் எங்கள் குழாயை மேலே தூக்கியபோது, கோபுரத்துக்குள் அது நுழையும் வழிகாட்டிக் குழலின் மறைவில், படக்கருவிக்கு எட்டாத இடத்தில், விரல் அகலத்துக்குக் கிழிசல் இருந்தது. உள்ளே கம்பிகள் செம்மஞ்சளாகத் துருவேறியிருந்தன, சில அறுந்திருந்தன.

நம்முடைய கடல்களிலும் ஏறுகுழாயின் துயரக் கதை உண்டு. 2005ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் திகதி, மும்பாய்க்கு மேற்கே மும்பை ஹை வடக்கு மேடையை நெருங்கிய ஒரு துணைக்கப்பல், காயமுற்ற சமையற்காரர் ஒருவரைச் சிகிச்சைக்காக மேடைக்கு மாற்ற முயன்ற வேளையில், பருவக்காற்றின் அலையால் தூக்கப்பட்டு மேடையின் ஏறுகுழாய்களில் மோதியது. கசிந்த வாயு தீப்பற்றியது. இரண்டு மணித்தியாலத்துக்குள் மேடை முழுவதும் சரிந்தது. 22 பேர் மாண்டனர். அது ஊன்றி நின்ற மேடை, மிதக்கும் கலம் அன்று. ஆயினும் அழிவு புகுந்த வாயில் அதே குழாய்தான். ஒரு மனிதனைக் காப்பாற்றும் கருணையோடு வந்த கப்பலே காரணமானதை நினைக்குந்தோறும் என் நெஞ்சு கனக்கிறது. ஏறுகுழாய்கள் மேடையின் எந்தப் பக்கத்தில் இறங்கவேண்டும், படகு அணையும் பக்கத்தில் அவற்றுக்குக் காப்பு வேண்டாமா என்ற கேள்விகளை, முதற்கோடு வரையும்போதே கேட்டிருக்கவேண்டும்.

ஊருக்குத் திரும்பி வந்து குடியிருக்கத் தொடங்கியபின், இக்கேள்விகள் எனக்கு அந்நியமானவையாக இல்லை. நீரிணையின் இக்கரையில் நாம் தேடியதும் அக்கரையில் நாகபட்டினத்துக்கு அருகே நரிமணத்தில் கண்டெடுத்ததும் ஒரே காவிரிப் படுகையின் பகுதிகளே. புதுச்சேரிக்குத் தெற்கே அதே படுகையின் கடற்பகுதியில், பிவை-3 என்னும் வயலில், கடலடிக் கிணறுகளிலிருந்து மிதக்கும் கலத்துக்கு எண்ணெய் ஏற்றும் முறை 1997இல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கையாளப்பட்டு, 2011வரை நடந்தது. அதே 2011இல் மன்னார்க் கடலில், ஜப்பானியரின் சிக்கியூ என்ற துளையிடு கப்பலைக் கொண்டு கெயார்ன் கொம்பனி துளையிட்டு, டொராடோ என்று பெயரிட்ட கிணற்றில், 1354 மீற்றர் ஆழத்தின் கீழே, இயற்கை வாயுவைக் கண்டது. 2015இல் அக்கொம்பனி விலகிச் சென்றது. வாயு இன்னும் அங்கேயே இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் இந்திய இலங்கைக் கடலெல்லை உடன்படிக்கையிலேயே, எல்லைக்கோட்டின் இருபுறமும் பரந்து கிடக்கும் எண்ணெய்ப் படிவம் ஏதும் இருந்தால் அதை எடுக்கும் விதம் குறித்து இரு தேசங்களும் உடன்பாடு காண முயலவேண்டும் என்று ஓர் உறுப்பு எழுதப்பட்டிருக்கிறது. கச்சதீவைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற நாம் அந்த உறுப்பை வாசிப்பதில்லை என்பது எனக்குக் கவலை.

இன்னுமொன்று. மிதக்கும் கலத்தைச் சுற்றி 500 மீற்றர் தூரத்துக்குப் பிற கலங்கள் புகலாகாது என்பது சர்வதேச வழக்கம். மும்பாயின் அனுபவத்துக்குப் பின் அதை எவரும் குறைகூற முடியாது. ஆனால் நங்கூரச் சங்கிலிகள் அதற்கும் அப்பால் பரந்து கிடக்கும். குழாய்ப்பாதையின் மேல் இழுவை வலை செல்லலாகாது. போர்க்காலமெல்லாம் கடலுக்குப் போகத் தடைவிதிக்கப்பட்டு, கரையில் நின்று அலையைப் பார்த்துக்கொண்டிருந்த மீனவருக்கு, இன்னொரு விலக்கப்பட்ட வட்டம் என்பது வெறும் வரைபடக் கோடன்று. அந்த வட்டத்தை எங்கே இடுவது என்று தீர்மானிக்கும் மேசையில் அவர்களும் அமரவேண்டும், வட்டம் வரையப்பட்டபின் அறிவித்தல் பெறுவோராக அன்றி, பாரும் மடையும் அறிந்தோராக.

சென்ற ஆண்டு, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்தில் பயிலும் மாணவர் சிலர் காரைநகருக்கு என்னைத் தேடி வந்திருந்தனர். நான் பாதுகாத்து வைத்திருக்கும் குழாயின் ஒரு சிறு துண்டை மேசையில் வைத்து, படலம் படலமாக விளக்கினேன். கேள்விகள் கணக்கைப் பற்றியும் கம்பியின் சோர்வைப் பற்றியும் எழுந்தன. அவர்களுடைய கூர்மை எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. கடைசியில் ஒரு மாணவி, “எண்ணெய் முடிஞ்சாப் பிறகு இந்தக் குழாயள் என்னாகும், ஐயா?” என்று கேட்டாள்.

உள்ளிருக்கும் எண்ணெயைக் கழுவி வெளியேற்ற வேண்டும், கிணற்றைச் சீமெந்தால் அடைக்க வேண்டும், குழாயைக் கடலடியில் கழற்றி மேலே சுருட்ட வேண்டும், கப்பல் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வேறு கடலுக்குப் போய்விடும் என்றேன். பழைய மேடைகளைக் கடலிலே கைவிடலாகாதென்று வடகிழக்கு அட்லாந்திக் தேசங்கள் 1998இல் கூடி விதி செய்ததையும், வயலைத் துப்புரவாக்கும் பணத்தை உற்பத்தி நடக்கும்போதே ஒதுக்கி வைப்பதற்கு இந்தியா 1999இல் ஒரு நிதித் திட்டம் வகுத்ததையும் சொன்னேன். “கொம்பனி அதுக்கு முதலே வித்துப்போட்டுப் போனால்?” என்று அவள் விடவில்லை. விற்றவனையும் வாங்கியவனையும் சேர்த்துப் பொறுப்பாளியாக்கும் வாசகம் அனுமதிப் பத்திரத்தின் முதற்பக்கத்திலேயே இருக்கவேண்டும், முதலாவது குழாய் கடலில் இறங்குமுன் அது எழுதப்பட்டிருக்கவேண்டும் என்றேன். அவள் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டு, அந்த வாசகத்தை எழுதுவது பொறியியலாளரா, சட்டத்தரணியா என்று கேட்டாள். இருவரும் ஒரே மேசையில் இருந்தாற்றான் அது எழுதப்படும் என்று சொல்லி, நோர்வேயின் சட்டப் பிரதியை உள்ளேயிருந்து எடுத்து வந்தேன். அன்று பொழுது சாயும்வரை அதைப் பிரிவு பிரிவாக வாசித்துக்கொண்டிருந்தோம்.